ஒரு நாள்தான் இருக்கிறது: படிக்கட்டா, ரயில்வே கேட்டா, சிச்சிபுவா?

என் தங்கை ஜூன் மாதம் டோக்கியோ போகிறாள். மாப்பிள்ளைக்கு அலுவலக வேலை, மொத்தம் ஆறு நாள். அம்மாவையும் கூட அழைத்துப் போகிறார்கள். நான் அங்கே இரண்டு முறை போய் வந்தவன் என்பதால் திட்டம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. ஐந்து நாட்களுக்கான திட்டம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. மீதமுள்ள ஒரு நாளுக்குத்தான் இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். "அண்ணா, அன்னிக்கு இவருக்கு மீட்டிங். நானும் அம்மாவும்தான். அனிமேல பார்த்த இடம் ஒண்ணையாவது நேர்ல பார்க்கணும்" என்றாள். எந்த இடம் என்று கேட்டேன். ஏழு இடங்களை எழுதி அனுப்பினாள்.

ஏழிலிருந்து ஒன்றுக்கு வர நாங்கள் எதையெல்லாம் எடைபோட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். டோக்கியோவில் தங்கி, ஒரே ஒரு நாளை இதற்காக ஒதுக்குபவர்களுக்குப் பயன்படும்.

அனிமேயில், அதாவது ஜப்பானிய அசைவூட்டப் படங்களிலும் தொடர்களிலும், பார்த்த இடங்களைத் தேடிப் போகும் பழக்கத்தை ஜப்பானியர்கள் 'செய்ச்சி ஜுன்ரெய்' என்கிறார்கள். புனிதத் தல யாத்திரை என்று பொருள். கோயில் கோயிலாக நடந்து போவதற்கு இருந்த பழைய சொல்லை ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அனிமே சுற்றுலாவுக்கென்று 2016-ல் தொடங்கிய சங்கம் ஒன்று, ஷிகோகு தீவின் 88 கோயில் யாத்திரையை நினைவில் வைத்து, 88 என்ற கணக்கில் ஆண்டுதோறும் தலங்களைத் தேர்ந்தெடுக்கிறது. நமக்கு இந்த மனநிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதிகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பாடல் பெற்ற தலங்களைத் தேடிப் போனவர்களின் ஊரிலிருந்து வருகிறோம். பாட்டில் கேட்ட ஆற்றங்கரையில் நிற்கும்போது பாட்டு வேறு மாதிரி ஒலிக்கும். அனிமேயில் பார்த்த தெருவும் அப்படித்தான்.

செலவு, நேரம், கூட்டம், அம்மாவின் முழங்கால், சைவச் சாப்பாடு என்று வழக்கமான கேள்விகள் எல்லாம் இருந்தன. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்த கேள்வி ஒன்று உண்டு: அந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? முதல் முறை போனபோது ஒரே நாளில் ஐந்து இடங்களுக்கு ஓடினேன். திரையில் வந்த அதே கோணத்தில் படம் எடுப்பது, அடுத்த ரயிலைப் பிடிப்பது. இரவு அறைக்குத் திரும்பியபோது கைப்பேசியில் எல்லாம் இருந்தது, மனத்தில் எதுவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தங்கைக்கு அது நேரக்கூடாது.

மனசில்லாமல் முதலில் கழித்த இடம் ஹிடா-ஃபுருகாவா. 2016-ல் வந்த 'யுவர் நேம்' படத்தில், டாக்கி என்ற பையன் தான் வரைந்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு மிட்சுஹா என்ற பெண்ணின் ஊரைத் தேடி இறங்குவானே, அந்த ரயில் நிலையம். மலைகளுக்கு நடுவே, கால்வாயில் கெண்டை மீன் நீந்துகிற, வெள்ளைச் சுவர்க் கிடங்குகள் வரிசையாக நிற்கிற அழகான சிறிய ஊர். டாக்கி தகவல் தேடும் நூலகமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் டோக்கியோவிலிருந்து டொயாமா வழியாகவோ நகோயா வழியாகவோ போனால் ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகிவிடும். முன்பெல்லாம் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கியவர்கள் யோசிக்காமல் போய் வந்தார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. படத்தில் அந்த நிலையத்தில் நிற்கும் பழைய 'ஹிடா' விரைவு ரயில் வண்டிகளும் அதே ஆண்டு மார்ச் மாதத்தோடு போய், புதிய வண்டிகள் வந்துவிட்டன. தகயாமாவில் ஓர் இரவு தங்குகிறவர்கள் கட்டாயம் போகலாம், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது அம்மாவுக்குத் தண்டனை.

டோயோசாதோவையும் அதே காரணத்துக்காக விட்டோம். 'கே-ஆன்!' தொடரில் ஐந்து பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டே பாட்டுப் பயிற்சி செய்யும் பள்ளியின் மாதிரி அங்கே இருக்கிற பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடம். 1937-ல் கட்டியது, வடிவமைத்தவர் வில்லியம் மெரெல் வோரிஸ். மாடிப்படிக் கைப்பிடியில் முயலும் ஆமையும் ஓட்டப்பந்தயம் ஓடுகிற சின்னப் பித்தளைச் சிலைகள் இருக்கும். ஒரு காலத்தில் இடிக்கவிருந்த கட்டடம், ஊர்மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 2009-ல் தொடர் வந்த பிறகு ரசிகர்கள் வரத் தொடங்கினார்கள். கியோட்டோவிலோ ஒசாகாவிலோ தங்குபவர்கள் ஹிகோனே வரை போய், அங்கிருந்து ஓமி ரயிலில் சென்றுவிடலாம். அந்தப் பக்கம் போகும் யாருக்கும் தயங்காமல் சொல்வேன். இந்த முறை எங்கள் வழியில் இல்லை.

வாஷினோமியாவைக் கழிப்பது கொஞ்சம் கடினமாக இருந்தது, ஏனென்றால் இந்தப் பழக்கம் ஒரு ஊரை எப்படி மாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. சைதாமாவில், டோக்கியோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் இருக்கும் பழமையான ஷிண்டோ ஆலயம். 2007-ல் 'லக்கி ஸ்டார்' தொடரில் வந்தது. அடுத்த புத்தாண்டு வழிபாட்டுக்கு மூன்று லட்சம் பேர் வந்தார்கள். ஊர் வணிகர்கள் ரசிகர்களை விரட்டவில்லை, கூட உட்கார்ந்து பேசி, திருவிழாவில் தொடரின் பாத்திரங்கள் வரைந்த பல்லக்கையும் தூக்க விட்டார்கள். தொடரின் தொடக்கத்தில் வரும் மர நுழைவாயில் 2018-ல் ஒரு நாள் சாய்ந்து விழுந்தது. 2021-ல் புதிதாக நிறுத்தினார்கள். என் தங்கை இந்தத் தொடரில் நாலைந்து பகுதிகள்தான் பார்த்திருக்கிறாள். மனத்தில் கதை இல்லாமல் போனால் அது அமைதியான ஓர் ஆலயம், அவ்வளவுதான். தொடரில் ஊறியவர்களுக்கு வேறு கணக்கு.

மீதி நான்கு இடங்கள். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று ஒரே ஒரு ஸ்டேஷன் தூரத்தில் இருப்பதால், அவற்றைச் சேர்த்து ஒரு நாளாகக் கணக்கிட்டோம். ஆக மூன்று தேர்வுகள்: டோக்கியோ நகருக்குள் யோட்சுயா படிக்கட்டும் ஷின்ஜுகு க்யோயென் தோட்டமும், கடலோரத்தில் கமாகுராவின் ரயில்வே கேட், மலைப்பக்கம் சிச்சிபு.

யோட்சுயா படிக்கட்டு இப்போது உலகம் முழுவதும் தெரிந்த இடம். 'யுவர் நேம்' சுவரொட்டியில் டாக்கியும் மிட்சுஹாவும் நிற்பது அங்கேதான், கடைசிக் காட்சியில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்த் திரும்புவதும் அங்கேதான். சுகா ஆலயத்துக்கு ஏறும் படி அது, நடுவில் சிவப்புக் கைப்பிடி. மருனோஉச்சி சுரங்க ரயிலில் யோட்சுயா-சன்சோமேயில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும். செலவு என்று சொல்லும் அளவுக்கு எதுவும் ஆகாது.

நான் போனது ஒரு மாலை நேரம். படியின் மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று, அவரவர் முறைக்காகக் காத்திருந்தோம். யாரும் சத்தம் போடவில்லை, வரிசை ஒழுங்காகத்தான் இருந்தது. அப்போது காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மா கீழிருந்து ஏறி வந்தார். நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எல்லோரும் அவசரமாக விலகி, வாருங்கள் என்று தலை தாழ்த்தினோம். அவரும் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார். ஆனால் அவர் தினமும் இப்படி நிற்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அது வீடுகள் நெருங்கிய குடியிருப்புத் தெரு. பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்பது சரியில்லை. போகிறவர்கள் படி ஏறியதோடு திரும்பிவிடாமல், மேலே ஆலயத்துக்குள்ளும் போங்கள். முப்பத்தாறு பழங்கவிஞர்களின் ஓவியங்களைக் காக்கும் ஆலயம் அது. படிக்கட்டை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, அந்தப் படிக்கட்டு எதற்காக இருக்கிறதோ அதைப் பார்க்காமல் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

க்யோயென் தோட்டம் இதற்கு நேர்மாறு. சுரங்க ரயிலில் அடுத்த நிலையம்தான், நடந்தும் போகலாம். 1906-ல் அரச குடும்பத்துக்காக அமைத்த தோட்டம், 1949-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டு ஹெக்டேர் பரப்பு. நுழைவுக் கட்டணம் 500 யென். மகோட்டோ ஷின்காயின் 2013-ஆம் ஆண்டுப் படம் 'தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' பெரும்பாலும் இந்தத் தோட்டத்துக்குள்தான் நடக்கிறது. மழை பெய்யும் காலைகளில் மட்டும் பள்ளியின் முதல் வகுப்பைத் தவிர்த்துவிட்டு வரும் பையன், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டிருப்பவன். வேலைக்குப் போக முடியாமல் வந்து உட்காரும் ஒரு பெண். குளத்தருகே ஒரு சின்ன மரக் குடில். அவள் அவனிடம் 'மன்யோஷு' என்ற பழைய ஜப்பானியக் கவிதைத் தொகுப்பின் ஒரு பழம்பாடலைச் சொல்லிவிட்டுப் போகிறாள்: இடி மெல்ல முழங்குகிறது, வானம் இருண்டிருக்கிறது, மழை வந்தால் நீ இங்கேயே இருப்பாயா? அதற்குப் பதில் பாட்டும் உண்டு: மழை வராவிட்டாலும் நீ இருக்கச் சொன்னால் இருப்பேன். கார்காலத்தையும் காத்திருத்தலையும் ஒன்றாகவே வைத்துப் பாடிய முல்லைத் திணையைப் பள்ளியில் படித்த நமக்கு இந்த வரிகள் பழகிய வீட்டுக் கதவு மாதிரி திறக்கும்.

அந்தக் குடிலில் உட்காரலாம். யாரும் வரிசையில் நிற்பதில்லை, யாருடைய வீட்டு வாசலும் இல்லை. ஒரு மணி நேரம் இருந்தாலும் சரி, இரண்டு மணி நேரம் இருந்தாலும் சரி. படத்தில் அவள் பீர் குடிப்பதைப் பார்த்து நீங்களும் ஒரு புட்டியோடு போகாதீர்கள், தோட்டத்துக்குள் மது கொண்டுவரக் கூடாது. திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும். காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், மாலையில் சீக்கிரம் மூடிவிடும். தரை சமமாக இருப்பதால் அம்மாவுக்கும் சிரமம் இல்லை. நகரத்துக்குள் ஓர் இடம் மட்டும் சொல்லு என்றால், படிக்கட்டை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

நகரத்துக்குள் இருக்கும் இடங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டோக்கியோ ஓயாமல் இடித்துக் கட்டுகிற ஊர். நம் ரசிகர்கள் இணையத்தில் மனுப் போட்டுக் கேட்ட பிறகு 2019-ல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததே, 'வெதரிங் வித் யூ', அதில் நாயகி ஹினா வானத்துக்குப் போகும் மொட்டைமாடிச் சிறு கோயில் நினைவிருக்கும். அதற்கு மாதிரியாக இருந்த யோயோகி கட்டடத்தை, படம் வெளியான அதே கோடையில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது போனால் எதுவும் இல்லை. பழைய பதிவுகளை நம்பி வழி தேடாமல், கிளம்பும் முன் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே படத்தில் வரும் வானிலை ஆலயம் கோயென்ஜியில் இருக்கிறது. படத்தில் தெரியும் கூரை ஓவியம் அங்கே கிடையாது, ஆனால் மரச் செருப்பு வடிவில் இருக்கும் வேண்டுதல் பலகைகளில், கல்யாண நாளில் மழை வரக்கூடாது என்றெல்லாம் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ஷின்ஜுகுவிலிருந்து ரயிலில் சில நிமிடங்கள்தான்.

அப்புறம் கமாகுரா. தாகெஹிகோ இனோஉவேயின் கூடைப்பந்துக் காமிக்ஸ் கதை 'ஸ்லாம் டங்க்' தொலைக்காட்சித் தொடராக வந்தது 1993-ல். தொடக்கப் பாடலில் நாயகன் சகுராகி ஹனமிச்சி ரயில்வே கேட் முன்னால் நிற்பான். பின்னால் கடல், நடுவே பச்சை ரயில், ரயில் போனதும் எதிர்ப்பக்கம் அவன் விரும்பும் ஹருகோ கை அசைப்பாள். எனோடென் ரயில் பாதையில் கமாகுரா-கோகோ-மயே நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கேட் இன்னும் அப்படியே இருக்கிறது. 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' திரைப்படம் 2022 டிசம்பரில் வந்த பிறகு அங்கே கூட்டம் தாங்க முடியவில்லை. கிழக்கு ஆசியா முழுவதும் இந்தக் கதையோடு வளர்ந்த தலைமுறை இருக்கிறது. முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் அந்தக் கேட் முன்னால் கண் கலங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தேர்வுக்காகப் பேச வேண்டிய நியாயங்கள் நிறைய உண்டு. எனோடென் பாதை மொத்தம் பத்தே கிலோமீட்டர், பதினைந்து நிலையங்கள். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போய், திடீரென்று கடலோரம் திரும்பும். அம்மா அனிமே பார்ப்பதில்லை, ஆனால் கமாகுராவின் பெரிய புத்தரைப் பார்த்தால் மகிழ்வார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வார்த்த வெண்கலச் சிலை, பதினோரு மீட்டருக்கு மேல் உயரம், திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கிறது. ஹசே நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, அதே ரயிலில் இன்னும் நான்கு நிலையம் போனால் அந்தக் கேட். ஷின்ஜுகுவிலிருந்து போய்வரவும் எனோடெனில் நாள் முழுக்க ஏறி இறங்கவும் சேர்த்து ஒடக்யூ ரயில் தரும் ஒருநாள் சீட்டு 1,600 யென்னைச் சுற்றித்தான். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதைவிட நிறைவான நாள் கிடைப்பது அரிது என்று நானே முதலில் நினைத்தேன்.

பிறகு இரண்டு விஷயங்கள் மனசை மாற்றின. ஒன்று, பருவம். ஜூன் மாதம் கமாகுராவில் ஹைட்ரேஞ்சியா பூக்கும் காலம். அந்தப் பூவுக்காகவே ஊர் முழுவதும் அங்கே திரள்வதால் எனோடெனில் ஏறுவதே பெரும்பாடாகிவிடும். இன்னொன்று அந்தக் கேட்டின் நிலைமை. அது பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி, சரிவான குறுகிய சாலை. சரியான கோணத்துக்காக நடுச்சாலையில் நிற்பவர்களால் வண்டிகள் நகர முடியாமல், பாதுகாவலர்களை நிறுத்தி ஒழுங்குபடுத்துகிறார்கள். ரயில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும், சில நொடிகளில் போய்விடும். அந்தச் சில நொடிக்காக நூறு பேர் தோளோடு தோள் இடிக்க நிற்பார்கள். விடிந்ததும் ஏழு மணிக்கு முன்னால் போகிறவர்களுக்கு வேறு அனுபவம் கிடைக்கும், அதற்கு முந்தைய இரவே அங்கே தங்க வேண்டும். போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: பள்ளி மாணவர்கள் முகம் படத்தில் விழக்கூடாது, சாலையில் இறங்கக்கூடாது, யாருடைய வாசலிலும் உட்காரக்கூடாது. உங்களுக்கு 'ஸ்லாம் டங்க்' உயிர் என்றால் இத்தனைக்கும் நடுவே போங்கள், அந்தக் கடல் ஏமாற்றாது. என் தங்கைக்கு அது அப்படிப்பட்ட கதை இல்லை.

அவளுக்கு உயிர் 'அனோஹானா'. 2011-ல் வந்த பதினோரு பகுதித் தொடர். சின்ன வயதில் ஆறு பேர் கொண்ட நண்பர் கூட்டம். அதில் மென்மா என்ற சிறுமி இறந்துபோகிறாள். ஆண்டுகள் கழித்து, ஒருவரோடு ஒருவர் பேசுவதையே விட்டுவிட்ட மீதி ஐந்து பேரும் ஒரு கோடையில் அவளுக்காக மறுபடி கூடுகிறார்கள். எங்கள் பாட்டி இறந்த ஆண்டில் அவள் அதைப் பார்த்தாள். கடைசிப் பகுதி முடிந்து அடுத்த நாளெல்லாம் யாரிடமும் பேசவில்லை. அந்தக் கதையின் ஊர் சிச்சிபு.

இகெபுகுரோவிலிருந்து செய்பு ரயில்வேயின் 'லாவியூ' என்ற விரைவு ரயில் எண்பது நிமிடத்தில் கொண்டுபோய் விடும். 2019-ல் ஓடத் தொடங்கிய வண்டி, ஜன்னல்கள் முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை இருக்கும். கடைசி அரை மணி நேரம் மலைகள் நெருங்கி வருவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இருக்கைக் கட்டணமும் சேர்த்து ஒரு வழிக்கு 1,700 யென் வாக்கில் ஆகும். மூன்று தேர்வுகளில் இதுதான் செலவு கூடியது.

இறங்கியதும் புகோ மலை எதிரே நிற்கும். 1,304 மீட்டர் உயரம். சுண்ணாம்புக் கல்லுக்காகப் பல ஆண்டுகளாக வெட்டி எடுத்து, ஒரு பக்கம் முழுவதும் படிப்படியாகச் செதுக்கியது போல ஆகிவிட்டது. அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் தொடரிலும் அப்படியேதான் வரைந்திருக்கிறார்கள். உழைத்துத் தேய்ந்த ஊர் அது என்பதை அந்த மலையே சொல்லிவிடும். சிறிது தூரம் நடந்தால் சிச்சிபு ஆலயம். 1592-ல் டோகுகாவா இயெயாசு கட்டிக் கொடுத்த மண்டபத்தைச் சுற்றி வண்ண மரச் சிற்பங்கள். நிக்கோ என்ற ஊரின் ஆலயத்தில் கண், வாய், காது பொத்திய மூன்று குரங்குகள் புகழ்பெற்றவை. இங்கே உள்ள மூன்று குரங்குகள் நன்றாகப் பார்க்கின்றன, நன்றாகக் கேட்கின்றன, நன்றாகப் பேசுகின்றன. கோயில் சிற்பம் என்றால் ஒவ்வொன்றாக நின்று பார்க்கிற அம்மாவுக்கு இது பிடிக்கும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஜோரின்-ஜி இன்னும் கொஞ்சம் தள்ளி, வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. சின்ன மரக் கோயில், முன்னால் முற்றம், ஓரத்தில் மணி. தொடரில் நண்பர்கள் நின்று பேசும் முற்றம் இது. நான் போனது ஒரு வாரநாள் மதியம். ரசிகர்கள் என்று பார்த்தால் நானும் இரண்டு கல்லூரி மாணவர்களும் மட்டும்தான். அப்போது வெள்ளை மேலாடை அணிந்த ஒரு முதிய தம்பதி உள்ளே வந்து, விளக்கேற்றி, மெல்லிய குரலில் சூத்திரம் ஓதினார்கள். சிச்சிபுவில் அனிமே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கருணையின் வடிவமான கன்னோன் போதிசத்துவரின் முப்பத்து நான்கு கோயில்களுக்கு யாத்திரை போகும் வழக்கம் உண்டு. மேற்கு ஜப்பானில் முப்பத்து மூன்று, கிழக்கில் முப்பத்து மூன்று, இங்கே முப்பத்து நான்கு, ஆக நூறு தலங்கள். ஜோரின்-ஜி அந்த முப்பத்து நான்கில் பதினேழாவது. அங்கே தொங்கும் மணியில் நூறு தலங்களின் கன்னோன் உருவங்களும் அந்தத் தலங்களுக்குரிய பாடல்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தம்பதி ஓதி முடிக்கும் வரை மாணவர்கள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். பிறகு அந்தப் பெரியவரே அவர்கள் இருவரையும் நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக் கொடுத்தார். வேண்டுதல் பலகைகள் தொங்கும் இடத்தில், உடல்நலம் வேண்டி எழுதியதும் மென்மாவை வரைந்து 'திரும்ப வந்துவிட்டேன்' என்று எழுதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அங்கே நான் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். யாருக்கும் இடைஞ்சலாக இருக்கிறோம் என்ற எண்ணம் ஒரு நொடியும் வரவில்லை. மூன்று தேர்வுகளில் எனக்குச் சிச்சிபு மேலாகத் தெரிவதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

அங்கிருந்து பழைய சிச்சிபு பாலம் வரை நடந்தால் நாள் முடிந்துவிடும். 1931-ல் அரகாவா ஆற்றின் மேல் கட்டிய பாலம். பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு இதை நடப்பவர்களுக்கு மட்டும் விட்டுவிட்டார்கள். கான்கிரீட் வளைவுகளும் பழைய விளக்குக் கம்பங்களும் கொண்ட அந்தப் பாலம் தொடரில் மீண்டும் மீண்டும் வரும். வண்டி கிடையாது என்பதால் நடுவில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஸ்டேஷனிலிருந்து தூரம், முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்சி எடுத்துக்கொள்வது நல்லது. அக்டோபர் மாதம் போகிறவர்களுக்கு இன்னொன்று: கதையில் நண்பர்கள் மென்மாவுக்காக ஒரு வாணம் செய்ய முயல்வார்களே, அது கற்பனை இல்லை. சிச்சிபுவின் யோஷிதா பகுதியில், அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, ஊர்க் குழுக்கள் தாங்களே மருந்து இடித்து நிரப்பி, நீண்ட மூங்கில் வால் கட்டிய ராக்கெட்டுகளைப் பகல் முழுவதும் விடுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமானால் வேறு எந்த ஒப்பீடும் வேண்டாம்.

சாப்பாடு கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். சோபா நூடுல்ஸ் சைவம் போலத் தெரிந்தாலும் சாறு பெரும்பாலும் மீனில் எடுத்ததாக இருக்கும். சிச்சிபுவில் உருளைக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்து, குச்சியில் குத்தி, இனிப்பு மிசோ ஊற்றித் தருகிறார்கள். நம் பஜ்ஜியின் தூரத்து உறவு. மிசோவிலும் சில இடங்களில் மீன் சாறு கலப்பதுண்டு, கேட்டு வாங்க வேண்டும். அம்மாவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவது என்று தங்கை முடிவு செய்துவிட்டாள். க்யோயென் போனால் இந்தக் கவலை இல்லை, ஷின்ஜுகு பக்கம் இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

எல்லாம் பேசி முடித்த பிறகும் ஜூன் மாதம் என்பது மிச்சம் இருந்தது. ஜப்பானில் அது மழைக்காலம், நசநசவென்று நாள் முழுக்கத் தூறும். மழையில் சிச்சிபுவின் மலை தெரியாது, பாலத்தில் நிற்க முடியாது, ஜோரின்-ஜியின் முற்றம் சேறாகும். ஆனால் அதே மழைதான் க்யோயெனுக்கு வேண்டும். வெயில் நாளில் அந்தக் குடில் வெறும் நிழல்தரும் இடம். மழையில்தான் குளத்து நீரில் வட்டங்கள் விழும், மேப்பிள் இலைகள் தாழும், அந்தப் பையன் ஏன் வந்தான் என்பது தெரியும். ஆகவே இப்படி வைத்தோம்: அன்று காலை வானம் வெளுத்திருந்தால் சிச்சிபு, மழை பெய்தால் க்யோயென். வாரநாள் என்பதால் லாவியூவில் அன்றே டிக்கெட் கிடைக்க வாய்ப்பு அதிகம், முன்கூட்டி வாங்கிக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம். நல்லவேளையாக அந்த நாள் திங்கட்கிழமை இல்லை. படிக்கட்டை, க்யோயென் போனால் மட்டும், அதுவும் பகல் பதினொரு மணிக்குள், பத்து நிமிடம் பார்க்கலாம்.

கமாகுராவை அம்மாவிடம் கேட்காமல் விடக்கூடாது என்று நேற்று இரவு வீடியோ காலில் மூன்றையும் விளக்கினேன். பெரிய புத்தரின் படத்தைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். ஜோரின்-ஜியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பதினேழாவது கோயில்னியே, முதல் கோயில் எங்க இருக்கு?"

"அதே ஊர்லதாம்மா, கொஞ்சம் தள்ளி மலையடிவாரத்துல."

"அப்ப முதல்ல அங்க போயிட்டுத்தானே இங்க வரணும்?" என்றார். தங்கை அதற்குள் பேருந்து நேரம் தேடத் தொடங்கிவிட்டாள்.